கறுப்புக் கிட்டார் கோயிலுக்கு ஆகுமா?

போன இதழில் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றி எழுதும்போது, "கையில் காசிருந்தால் கார்பன் ஃபைபர் கிட்டாராக வாங்கிவிடுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். மரத்துக்குப் பதில் கார்பன் இழையை ரெசின் என்கிற பிசினில் இறுக்கிச் செய்கிற கிட்டார் அது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டவை. சத்தம் எப்படி என்று கேட்டவர்கள் கொஞ்சம், விலை கேட்டவர்கள் அதைவிடக் கொஞ்சம். பார்க்கக் கிட்டார் மாதிரி இருக்குமா என்பதுதான் எல்லாருக்கும் கவலை. பாம்பனில் என் கிட்டார் பட்டறைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

எங்கள் பங்குக் கோயில் (சர்ச்) கொயருக்கு வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் கார்பன் கிட்டார் வாங்கித் தருவதாகச் சொல்லி மூன்று படம் அனுப்பியிருக்கிறார். ஒன்று பழைய கிட்டார் வடிவம், நடுவில் வட்டத் துளை, ஆனால் முழுக் கறுப்பு. இரண்டாவது அதே வடிவம், மேலே மரத் தோல் ஒட்டியது. மூன்றாவதில் துளை ஓரத்துக்குப் போய்விட்டது, தோள் வெட்டியிருக்கிறது, ஏதோ விண்வெளிச் சாமான் மாதிரி இருக்கிறது. "கோயில்ல வாசிக்கிறதுக்கு மரம் மாதிரி இருக்கிறதை வாங்குங்கடா" என்கிறார்கள் பெரியவர்கள். எதைச் சொல்லட்டும்?
*– கொயர் இளைஞர், தங்கச்சிமடம்*

பெரியவர்களிடம் முதலில் ஒன்று கேளுங்கள் தம்பி. உங்கள் கோயில் கீபோர்டு என்ன நிறம்? கறுப்புதானே. அதற்கு இதுவரை யாரும் மரத் தோல் கேட்கவில்லை. கிட்டாருக்கு மட்டும் ஏன்?

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நம் கண்ணுக்குப் பழகிய கிட்டார் உருவத்தில் இரண்டு விதமான சமாசாரங்கள் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன. மரத்தின் பலவீனத்துக்காக வந்தவை சில. வாசிக்கிற ஆளின் உடம்புக்காக வந்தவை சில. எல்லாவற்றையும் சேர்த்து 'பாரம்பரியம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம். கார்பன் கிட்டார் வாங்கும்போது அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

விளிம்பைச் சுற்றி ஓடும் பட்டை இருக்கிறதே, பைண்டிங், அதை அழகுக்கு என்று நினைக்கிறோம். பலகையின் வெட்டுவாய் வழியாக ஈரம் ஏறக்கூடாது, எங்கேயாவது இடித்தால் ஓரம் சிதறக்கூடாது என்பதற்காக வைத்தது அது. வட்டத் துளையைச் சுற்றியுள்ள வளைய வேலைப்பாடும் வெறும் பூவேலை இல்லை. துளை போட்ட இடத்தில் மெல்லிய பலகை நார்வாக்கில் பிளக்காமல் அது பிடித்துக்கொள்கிறது. கம்பியை மீட்டுகிற சில்லு, பிக், கீறாமல் இருக்கத்தான் துளைக்குக் கீழே அந்தக் கறுப்புத் தகடு. கழுத்து உடம்பில் சேரும் இடத்தில் தடித்த குதிகால் இருப்பது உள்ளே ஒரு மூட்டு ஒளிந்திருப்பதால். முகப்புப் பலகைக்கு அடியில் எக்ஸ் வடிவத்தில் சட்டம் ஓடுவது, 1840களில் அமெரிக்காவில் மார்ட்டின் கிட்டார்களில் வந்த ஏற்பாடு. ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சுமார் 70 கிலோ. மெல்லிய பலகை தனியாக அதைத் தாங்காது.

கார்பனுக்கு இதில் எதுவும் கட்டாயமில்லை. அதற்குப் பிளக்கிற நார்வாக்கு கிடையாது, இழையை எந்தத் திசையில் வேண்டுமானாலும் அடுக்கலாம். உடம்பையும் கழுத்தையும் மூட்டில்லாமல் ஒன்றாகவே அச்சில் போட்டு எடுக்கலாம். ரெயின்சாங் கம்பெனியின் கிட்டாருக்குள் விரலை விட்டுத் தடவினால் முகப்புக்கு அடியில் சட்டமே தட்டுப்படாது. ஆக, கார்பன் கிட்டாரில் பைண்டிங்கும் வளையமும் இருந்தால் அவை முழுக்க முழுக்க அலங்காரம். அலங்காரம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று கூடுதல் காசு கேட்டால் யோசியுங்கள்.

இடுப்பு ஒடுங்கியிருப்பது வேறு விஷயம். அது தொடையில் உட்காருவதற்கு. கழுத்தின் அகலம், பிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) இடைவெளி, கழுத்து ஓரத்தில் இருக்கும் புள்ளிகள், இதெல்லாம் கைக்கும் கண்ணுக்கும். மரம் போனாலும் நம் கையும் தொடையும் மாறிவிடவில்லை. புதுப் பாணி என்று இதில் கைவைத்த கிட்டார்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் வலது முழங்கை படும் விளிம்பைச் சரித்துச் சீவியிருப்பார்கள் பாருங்கள், அது புதுப் பாணிதான், அருமையான வேலை. பெரிய திருவிழாப் பூசையில் இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு முன்கையில் சிவப்புக் கோட்டோடு எழுந்த எவனுக்கும் அதன் அருமை புரியும்.

இன்னொன்று. 'பழைய வடிவம்' என்று சொல்கிறோமே அந்தப் பெரிய உடம்பு டிரெட்நாட், அதுவே ஒரு காலத்தில் புதுப் பாணிதான். மார்ட்டின் கம்பெனி 1916-ல் டிட்சன் என்கிற வியாபாரிக்காகச் செய்துகொடுத்தது. பெயரை ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலிடமிருந்து எடுத்தார்கள். போர்க்கப்பல் பெயர் வைத்த கிட்டாரை நடுக்கோயிலில் வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறோம், யாருக்கும் உறுத்தவில்லை.

இனி மூன்றாவது படம். துளையை ஓரத்துக்குத் தள்ளுவதில் காரணம் இருக்கிறது. முகப்பின் நடுப்பகுதிதான் நன்றாக அதிர வேண்டிய இடம், அங்கேயே ஓட்டை போடுவானேன் என்பது யோசனை. அமெரிக்காவின் மெக்பெர்சன் கம்பெனி மரக் கிட்டாரிலேயே இதைச் செய்கிறது, கார்பனிலும் செய்கிறது. அயர்லாந்தின் எமரால்டு கிட்டார்களிலும் துளை மேல்தோளில்தான் இருக்கும். இதில் வாசிக்கிறவர் காதுக்குத் தன் சத்தம் நேராக வந்து சேரும். மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாத கோயிலில் அது பெரிய உதவி.

ஆனால் உங்கள் கொயரில் பிக்கப், அதாவது கிட்டார் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சாதனம், எப்படி? இந்தப் பக்கத்துக் கோயில்களில் நான் பார்ப்பது பெரும்பாலும் வட்டத் துளையின் குறுக்கே மாட்டுகிற பிக்கப். ஒருவர் கிட்டாரிலிருந்து கழற்றி அடுத்தவர் கிட்டாரில் மாட்டுவார்கள். ஓரத்துளையில் அது நிற்காது. கம்பிக்கு அடியிலும் வராது. ஸ்பீக்கர் ஊளையிடும்போது துளையை அடைக்கிற ரப்பர் மூடியும் பொருந்தாது. மூன்றாவதை வாங்கினால் உள்ளேயே பிக்கப் வைத்ததாக வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மைக் ஸ்டாண்டோடு மல்லுக்கட்டுதான்.

இரண்டாவதை, அந்த மரத் தோல் போட்டதை, நம் கரைக்கு வேண்டாம் என்பேன். தோல் என்பது மெல்லிசாகச் சீவிய நிஜ மரம். மேலே பூசிய லாக்கர் எங்கேயாவது பெயர்ந்தால் அந்த வாய் வழியாக உப்பீரம் மரத்துக்குள் போகும், கறுக்கும், தூக்கும். எந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கக் கார்பனுக்கு வந்தோமோ அதையே காசு கொடுத்து மேலே ஒட்டிக்கொள்வதாகும்.

முதல் படத்தைச் சொல்லுங்கள். பழைய உருவம், கறுப்பு உடம்பு, வட்டத் துளை. உங்கள் பிக்கப் மாட்டலாம், கடையில் கிடைக்கிற சாதாரணப் பெட்டி பொருந்தும். பெரியவர்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும்.

அண்ணே, நாங்க ஓட்டுறது ஃபைபர் படகு. இதுவும் ஃபைபர்தானே? எங்க ஊர் ஃபைபர் பட்டறையிலேயே ஒரு கிட்டார் அடிக்கச் சொல்ல முடியாதா? உடைஞ்சா அவங்களே ஒட்டிடுவாங்களா?
*– நாட்டுப்படகு மீனவர், பாம்பன்*

என் மைத்துனர் ஃபைபர் படகுப் பட்டறைதான் வைத்திருக்கிறார். அவரும் இதையே கேட்டார்: "ஃபைபர் மேட்டை விரி, ரெசினைத் தடவு, ரோலரை ஓட்டு. இதுக்கா லட்ச ரூபா?"

முறை ஒன்றுதான், சாமான் வேறு. படகுக்குப் போடுவது கண்ணாடி இழை, பாலியெஸ்டர் ரெசின். கார்பன் இழை கண்ணாடி இழையைவிடச் சுமார் மூன்று மடங்கு விறைப்பு, எடையும் குறைவு. கிட்டாரின் முகப்புக்கு அந்த இரண்டும் ஒன்றாக வேண்டும். கண்ணாடி இழையில் அதே விறைப்பைக் கொண்டுவரத் தடிமனாக அடிக்க வேண்டும். தடித்தால் கனக்கும், கனத்தால் கம்பியின் அதிர்வு அதை அசைக்காது. படகுக்குக் கனம் நல்லது, அலையில் உட்காரும். கிட்டாருக்கு ஆகாது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் சார்லஸ் காமன். ஹெலிகாப்டர் செய்த அமெரிக்க இன்ஜினியர், கிட்டாரும் வாசிப்பார். 1960களின் நடுவில் அவர் தொடங்கிய ஓவேஷன் கிட்டாரில் பின்பக்கம் கண்ணாடி இழையில் வார்த்த கிண்ணம், முகப்பு மட்டும் மரம். முகப்புக்கும் கார்பன் வந்தது 1970களில் அவர்களின் அடாமஸ் மாடலில்தான். அதில் நடுத்துளையை எடுத்துவிட்டு மேல்தோள் இரண்டிலும் சிறு சிறு துளைகளாகப் போட்டு, அவற்றைச் சுற்றி மர இலைகளைப் பதித்தார்கள். புதுப் பாணி, பழைய பாணி என்ற சண்டை அன்றே ஆரம்பித்துவிட்டது. அப்புறம் ஹவாய் தீவான மாவியில் இருந்த ஜான் டெக்கர் என்கிற இயற்பியலாளர், மழையிலும் வெயிலிலும் கெடாத கிட்டார் வேண்டும் என்று கிளம்பினார். உடம்பு முழுக்கக் கார்பனாக 1990களில் விற்பனைக்கு வந்த ரெயின்சாங் அப்படித்தான் பிறந்தது. ஒரு தீவுக்காரருக்குத்தான் அந்த யோசனை வரும் என்று எனக்குத் தோன்றும். நம் தீவுக்காரர் யாருக்காவது வந்திருக்கலாம், நாம் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

கிண்ண முதுகுக் கிட்டார் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கைலி கட்டிக்கொண்டு அதை மடியில் நிறுத்த முடியாது. வழுக்கிக்கொண்டே போகும். தோளில் பட்டை மாட்டித்தான் வாசிக்க வேண்டும்.

ஒட்டுகிற விஷயம். நல்ல கார்பன் கிட்டாரில் இருப்பது எப்பாக்சி ரெசின். இறுகிப்போன எப்பாக்சியின் மேல் உங்கள் பட்டறைப் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, ஒட்டின மாதிரி தெரிந்து பிறகு செதிலாக உரிந்து வரும். எப்பாக்சி வாங்கிக் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள், கைத்திறமையில் நம் பட்டறை ஆட்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். கார்பன் தூள் தோலில் அரிக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. மின்சாரம் கடத்துகிற தூள் என்பதால் பிக்கப் சர்க்யூட்டில் விழுந்தால் அதையும் கெடுக்கும். முதலில் அதைக் கழற்றி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் தொடுதிரை வைத்த கார்பன் கிட்டார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். நான்கு மாதமாகத்தான் வகுப்புக்குப் போகிறான். வாங்கித் தரலாமா?
*– ஒரு தாய், ராமநாதபுரம்*

லாவா என்கிற சீனக் கம்பெனியின் கிட்டாரைச் சொல்கிறான் என்று நினைக்கிறேன். மோசமான பொருள் இல்லை அம்மா. தாளம் போடும், பதிவு செய்யும், ஆம்பிளிஃபையர் இல்லாமலே எதிரொலி சேர்த்துக் கொடுக்கும். ஆனால் கார்பன் உடம்பு இருபது வருஷம் உழைக்கலாம், திரையும் பேட்டரியும் போனுக்கு உண்டான ஆயுசுதான் உழைக்கும். திரை செத்தபின் அந்த இடம் உடம்பில் ஒரு கறுப்புச் சன்னலாக நிற்கும். திரையில்லாத சின்னக் கார்பன் கிட்டார்கள் அதே சீனாவிலிருந்து வருகின்றன. பாலிகார்பனேட்டில் கார்பன் கலந்து அச்சில் வார்த்த மலிவு வகையும் உண்டு, பள்ளிக்கூடப் பையனுக்கு அது போதும். தாளம் போட உங்கள் போன் இருக்கிறது.

நான் வீணை கற்றுக்கொடுக்கிறேன். பலா மரம் இல்லாமல் வீணை இல்லை என்று நம்புகிறவள். கருவியின் உயிர் மரத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வெறும் உருவத்தை மட்டும் வைத்துக்கொள்வது பொம்மை வேலை இல்லையா?
*– வீணை ஆசிரியை, தேவிபட்டினம்*

கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள் டீச்சர். ஆனால் உங்கள் வீணையின் இடப்பக்கத்துச் சுரைக்காயைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். ஒரு காலத்தில் அது காய்ந்த சுரைக்குடுக்கை. இன்றைக்குப் பெரும்பாலான வீணைகளில் ஃபைபர் அல்லது காகிதக் கூழ். உருவம் சுரைக்காய்தான், சாமான் மாறிவிட்டது. கச்சேரியில் யாரும் எழுந்து போகவில்லை.

அந்தச் சுரைக்காயும் பலா மரக் குடமும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. எந்தப் பாகம் பாடுகிறது, எந்தப் பாகம் தாங்குகிறது என்பதில்தான் விஷயம். இன்றைய ஸ்பானிய கிட்டாருக்கு உருவம் கொடுத்த அந்தோனியோ டி டோரஸ் 1862-ல் பக்கத்தையும் முதுகையும் காகிதக் கூழில் செய்து, முகப்பை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். குரல் முகப்பில் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே செய்தது அது. இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தொடாமல் விட்ட அந்த முகப்பையும் கார்பன்காரர்கள் மாற்றிவிட்டார்கள். அதனால் குரல் மாறத்தான் செய்யும். கார்பனின் குரல் தெளிவு, சமம், கொஞ்சம் கண்ணாடித்தனம். பழகப் பழக மரத்தின் குரல் திறக்கும் என்பார்கள், கார்பனுக்கு அந்த வளர்ச்சி இல்லை. வாங்கிய அன்று என்னவோ அதுதான் கடைசிவரை. எனக்கு இன்றும் நல்ல ஸ்ப்ரூஸ் முகப்பு போட்ட மரக் கிட்டாரின் குரல்தான் பிடிக்கும். ஆனால் அதை ஏ.சி. அறையில் வைத்துக் கேட்க வேண்டும். கிட்டார் தொழிற்சாலைகளில் காற்றின் ஈரப்பதத்தை 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் வைத்திருந்துதான் மரத்தை ஒட்டுகிறார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அது 70-க்கு மேலே. ஐப்பசி, கார்த்திகையில் என் பட்டறைக்கு வயிறு உப்பின கிட்டார்களும் தூக்கின பிரிட்ஜ்களும் (முகப்பில் கம்பியைப் பிடிக்கிற கட்டை) வரிசையாக வந்து நிற்கும். உயிர் மரத்தில் இருக்கலாம், அந்த உயிருக்கு எங்கள் ஊர் காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

மரத்தைப் பற்றி இன்னொரு செய்தி, உங்களுக்குப் பிடிக்கும். 1969-ல் மார்ட்டின் கம்பெனி பிரேசில் ரோஸ்வுட்டை விட்டுவிட்டு நம் ஊர் ஈட்டி மரத்துக்கு மாறியது. அப்போதும் 'பாரம்பரியம் போச்சு' என்று ஒரு கூட்டம் புலம்பியது. இன்றைக்கு ஈட்டி மரத்தில் செய்ததுதான் பாரம்பரியக் கிட்டார்.

என் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து ஒரு கார்பன் கிட்டார் கொண்டுவந்தார். 'துருப்பிடிக்காது, கவலையே இல்லை' என்றுதான் வாங்கினார். இப்போது சுருதி சேர்க்கும் டியூனர்களின் திருகாணிகளைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கிறது, பட்டை மாட்டும் குமிழில் துரு. ஏமாற்றிவிட்டார்களா?
*– வாசகர், கீழக்கரை*

ஏமாற்றவில்லை. பாதியைச் சொன்னார்கள். கார்பன் துருப்பிடிக்காது. ஆனால் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தை அது வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும். கார்பன் கிட்டார் பற்றி யார் பேசினாலும் விட்டுவிடுகிற விஷயம் இது, கடற்கரைக்காரனுக்கோ முதலில் தெரிய வேண்டியதும் இதுதான்.

விசைப்படகு வைத்திருப்பவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். இரண்டு வேறு உலோகம் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றதைத் தின்னும். அதற்காகத்தான் தின்னக் கொடுக்கவென்றே துத்தநாகக் கட்டையை அடித்து வைக்கிறார்கள். கார்பன் உலோகமில்லை, ஆனாலும் மின்சாரம் கடத்தும். அரிப்பு வரிசையில் அது பிளாட்டினம், தங்கம் இருக்கிற முனையில் நிற்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு, நடுவில் கொஞ்சம் உப்பீரமும் இருந்தால், அலுமினியம், துத்தநாகம், சாதா இரும்பு எல்லாம் தோற்றுப்போகும். டியூனர்களின் கூடு பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. நீங்கள் பார்த்த வெள்ளைப் பூ அதுதான்.

கிட்டார் உடம்பின் மேல் ரெசினும் கிளியர் கோட் என்கிற நிறமில்லாப் பூச்சும் இருக்கும்வரை கார்பன் இழை வெளியே தெரியாது, தொல்லையும் இல்லை. திருகாணிக்காகத் துளை போட்ட இடத்தில்தான் இழை திறந்து நிற்கிறது. டியூனர்களைக் கழற்றுங்கள். ஓட்டையை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்தபின் பல்குத்தும் குச்சியால் ஓட்டைச் சுவரில் எப்பாக்சி ஒரு கை பூசி இறுக விடுங்கள். பிறகு நல்ல ஸ்டெயின்லெஸ் திருகாணி, அடியில் நைலான் வாஷர். பட்டைக் குமிழுக்கும், பின்னால் ஒயர் செருகும் ஜாக்குக்கும் இதே வைத்தியம். வாசித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். வெறும் காய்ந்த துணி உப்பை இடம்தான் மாற்றும்.

தோற்றக் கேள்வி இங்கேயும் வருகிறது. பழைய அழகுக்காகப் பல்சக்கரம் வெளியே தெரிகிற திறந்த டியூனர் போட்ட மாடல்கள் உண்டு. பார்க்க லட்சணம்தான், நம் கரையில் ஒரு கச்சான் காற்றுப் பருவம் முடிவதற்குள் இறுகிவிடும். கிரீஸ் அடைத்து மூடிய டியூனரே வாங்குங்கள். பிரெட் ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருந்தால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். கம்பிக்குப் பூச்சுப் போட்ட வகை.

1914-ல் திறந்த நம் பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவேண்டி வந்ததற்கும் கடல் உப்பின் அரிப்புதான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வேக்கே அந்தப் பாடு என்றால் உங்கள் காக்காவின் திருகாணி எந்த மூலைக்கு.

ஆன்லைனில் 'கார்பன் ஃபைபர்' என்று மிகக் குறைந்த விலைக்கு வருகிறதே, நிஜமா?
*– வாசகர், மூக்கையூர்*

சிலது வெறும் பிரிண்ட். பிளைவுட்டிலோ பிளாஸ்டிக்கிலோ கட்டம்போட்ட படம் ஒட்டியிருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நிஜ நெசவில் கறுத்த கட்டம் மினுங்கும், மினுங்கின கட்டம் கறுக்கும், சாய்க்கச் சாய்க்க மாறிக்கொண்டே இருக்கும். படத்தில் எப்படிச் சாய்த்தாலும் ஒரே மாதிரி. துளைக்குள் டார்ச் அடித்து உள்பக்கத்தையும் பாருங்கள், வெளியே மட்டும் ஜோடனை என்றால் உள்ளே தெரிந்துவிடும். அதே நேரம் கட்டம் தெரியவில்லை என்பதற்காகப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரே திசை இழை போட்டதும், துண்டு இழை போட்டதும் கட்டம் காட்டாது, பெயின்ட் அடித்தால் எதுவுமே தெரியாது.

ஓரியூர் அருளானந்தர் திருத்தலத்துக்கு எங்கள் ஊரிலிருந்து நடைபயணம் போவோம். வழியெல்லாம் வாசித்துக்கொண்டே போக ஆசை. கார்பன் கிட்டார் வெயில் தாங்குமா?
*– வாசகி, தொண்டி*

மரக் கிட்டாரைவிட நன்றாகவே தாங்கும். சூட்டில் விரிவது அதற்கு ஏறக்குறைய இல்லை, சுருதி அதிகம் ஓடாது. ஓடினால் அது கம்பியின் குற்றம். ஆனால் கறுப்பு கறுப்புதான். பகல் பதினொரு மணிக்கு மேல் முழங்கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். வெயிலில் நடக்கிறவர்களுக்கு மட்டும் நான் சொல்வது, கார்பன் நெசவு தெரிய வேண்டும் என்கிற ஆசையை விட்டுவிட்டு வெள்ளையோ வெளிர் நிறமோ அடித்த மாடலாகப் பாருங்கள். பெயின்ட் இன்னொரு வேலையும் செய்யும். எப்பாக்சிக்கு வெயிலின் புறஊதாக் கதிர் ஆகாது, மஞ்சளாகிப் பொரிந்துபோகும். நல்ல கம்பெனிகள் கிளியர் கோட்டிலேயே அதற்குத் தடுப்பு சேர்க்கின்றன, மலிவு வகைகளில் அதை நம்ப வேண்டாம்.

பந்தலில் சாப்பிட உட்காரும்போது கிட்டாரை மூடிய வேனுக்குள் போட்டுவிட்டு வராதீர்கள். கார்பனுக்கு ஒன்றும் ஆகாது, பிரிட்ஜை ஒட்டிய பசை இளகலாம். கையோடு நிழலுக்குக் கொண்டுவாருங்கள்.

என் மகள் இடது கைக்காரி. பழைய பாணி, புதுப் பாணி, எது வாங்கினால் கம்பியைத் திருப்பிப் போட்டு வாசிக்கலாம்?
*– வாசகர், மண்டபம்*

தோள் வெட்டாத, நடுத்துளை வைத்த பழைய உருவம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் திருப்பலாம் என்று தோன்றும். ஓரத்துளை, தோள்வெட்டு, முழங்கைச் சரிவு உள்ள புதுப் பாணியைத் திருப்பவே முடியாது, எல்லாம் தப்பான பக்கத்துக்குப் போய்விடும். ஆனால் பழைய உருவத்திலும் ஒரு சிக்கல். பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காரும் சேடில் கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்திருக்கும், தடித்த கம்பிக்கு நீளம் கூடுதல் வேண்டும் என்பதற்காக. கம்பியைத் திருப்பினால் அந்தச் சாய்வு தலைகீழாகி, மேல் பிரெட்டுகளில் சுருதி சேராது. மர பிரிட்ஜ் என்றால் பள்ளத்தை அடைத்து வேறு பள்ளம் வெட்டிக் கொடுத்துவிடுவேன். கார்பன் பிரிட்ஜில் அது மெனக்கெட்ட வேலை, நான் எடுப்பதில்லை. கழுத்தோரப் புள்ளிகளும் அவள் கண்ணுக்குத் தெரியாத பக்கம் போய்விடும்.

இடது கைக்கென்றே செய்தது வேண்டும் என்று ஆர்டர் கொடுங்கள். எமரால்டு மாதிரி ஆர்டரின் பேரில் செய்கிறவர்களிடம் கிடைக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை பழகுவதற்கு ஒரு மலிவு மரக் கிட்டாரை என்னிடம் கொண்டுவாருங்கள். கழுத்து முனையில் கம்பி பதியும் நட், சேடில் இரண்டையும் மாற்றித் தருகிறேன். வெள்ளிக்கிழமை பட்டறை இல்லை.